கம்பெனி பஸ்ஸில் கலிலியோ

ஒரு சின்னப் பரீட்சை. பயப்படாதீர்கள், அரியர் விழாது.

விடிகாலை ஐந்தே முக்கால். ஒரகடம் ஜங்ஷன். மூன்று பேர். ஒருவன் பைக்கில் எண்பதில் பறக்கிறான். இன்னொருவன் கம்பெனி பஸ்ஸின் ஜன்னல் சீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்கியபடி வருகிறான். மூன்றாமவர் நைட் டூட்டி முடித்த செக்யூரிட்டி. டீக்கடை பெஞ்சில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து டம்ளரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மூவரில் யாருக்கு வேகம் அதிகம்?

'பைக்காரனுக்கு' என்று சொன்னவர்களுக்குப் பாதி மார்க். ஏனென்றால் பெஞ்சில் இருக்கும் செக்யூரிட்டி, மணிக்குச் சுமார் 1,600 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறார். கூடவே பெஞ்சு, பாய்லர், மாஸ்டர், நேற்றைய பஜ்ஜி எல்லாமும். பூமி தன்னைத்தானே சுற்றுவதால் நம் ஊர் அட்சரேகையில் கிடைக்கிற இலவச வேகம் அது. சூரியனைச் சுற்றுகிற கணக்கு தனி. அது மணிக்கு 1,07,000 கிலோமீட்டர். இத்தனைக்கும் டீ ஒரு சொட்டு சிந்தவில்லை!

இப்போது அதே டம்ளரோடு அவரை ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றி விடுங்கள். வண்டி முப்பதைத் தாண்டாது. முதல் ஸ்பீட் பிரேக்கரிலேயே பேண்ட்டெல்லாம் டீ.

ஒரு லட்சத்துக்கு அசையாத டீ, முப்பதுக்கு ஏன் சிந்துகிறது? இந்த வாரம் இதுதான் சமாசாரம். உங்களில் பல பேருடைய உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் நிதானமாகவே படிக்கவும்.

*

பள்ளிக்கூடத்தில் 'வேகம்', 'திசைவேகம்' என்று இரண்டு வார்த்தை சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டும் ஒன்றுதானே, சும்மா இரண்டு மார்க் கேள்விக்காகப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பரீட்சை எழுதிய கூட்டம் நாமெல்லாம். பாவம், தமிழில் பெயர் வைத்தவர் விடையையும் பெயருக்குள்ளேயே ஒளித்து வைத்திருந்தார். வேகம் என்பது எவ்வளவு. திசைவேகம் என்பது எவ்வளவு, எந்தப் பக்கம். ஆங்கில வார்த்தையைக் கேட்டால் இது தெரியாது. தமிழ் வார்த்தையைக் கேட்டாலே தெரியும்.

அதே வேகம், அதே திசை. இரண்டும் மாறாமல் போனால் அது சீரான திசைவேகம். இரண்டில் ஒன்று மாறினாலும் அது மாறும் திசைவேகம். அந்த மாற்றத்தின் வீதத்துக்குப் பெயர்தான் முடுக்கம். 'மாட்டை முடுக்கு' என்கிறோமே, அதே முடுக்கு.

ஆக, திசைவேகத்தை மாற்ற மூன்று வழி. கூட்டலாம், குறைக்கலாம், திருப்பலாம். உங்கள் பைக்கில் ஆக்ஸிலரேட்டர் எத்தனை என்று கேட்டால் 'ஒண்ணு' என்பீர்கள். நியூட்டனைக் கேட்டால் மூன்று என்பார். முறுக்குவது ஒன்று, பிரேக் ஒன்று, ஹேண்டில்பார் ஒன்று. மூன்றுமே செய்வது ஒரே வேலை: உள்ளதை மாற்றுவது.

காமர்ஸ் படித்த நண்பர்கள் முகம் சுளிக்கிறார்கள். உங்களுக்கென்றே ஒன்று. கம்பெனி பத்து லட்சத்துக்கு ஒரு கார் வாங்குகிறது. ஸ்ட்ரெய்ட் லைன் மெத்தட்டில் வருஷம் ஒரு லட்சம் தேய்மானம். முதல் வருஷமும் ஒரு லட்சம், ஐந்தாம் வருஷமும் ஒரு லட்சம். இதுதான் சீரான திசைவேகம். கிராஃப் போட்டால் ஸ்கேல் வைத்த மாதிரி நேர்கோடு. ரிட்டன் டவுன் வேல்யூவில் பதினைந்து சதவிகிதம் என்றால், முதல் வருஷம் 1,50,000. அடுத்த வருஷம் 1,27,500. அதற்கடுத்து இன்னும் குறைவு. கோடு வளைந்துகொண்டே போகும். இது மாறும் திசைவேகம். இன்கம்டாக்ஸ் ஆபீஸரும் இயற்பியல் ஆசிரியரும் ஒரே கோட்டைத்தான் போடுகிறார்கள். பெயர்தான் வேறு.

*

சரி, டீ ஏன் சிந்தவில்லை?

இதற்குப் பதில் சொன்னவர் கலிலியோ. 1632-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் ஒரு கப்பலைச் சொல்கிறார். கீழ்த்தளத்தில் ஓர் அறை. ஜன்னல் கிடையாது. உள்ளே சில வண்ணத்துப்பூச்சிகள், ஒரு தொட்டியில் மீன், மேலே தொங்கும் குடுவையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். கப்பல் நிற்கும்போது பூச்சி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பறக்கிறது. சொட்டு நேராகக் கீழே உள்ள பாத்திரத்தில் விழுகிறது. இப்போது கப்பலை ஓட்டுங்கள். எவ்வளவு வேகம் வேண்டுமானாலும் சரி, ஆட்டமில்லாமல் ஒரே சீராகப் போனால், உள்ளே எதுவும் மாறாது. பூச்சி பின்சுவரில் போய் ஒட்டிக்கொள்ளாது. சொட்டு அதே பாத்திரத்தில்தான் விழும். உள்ளே இருப்பவனால் கப்பல் ஓடுகிறதா நிற்கிறதா என்று கண்டுபிடிக்கவே முடியாது என்றார். (மறு வருஷம் அவரை விசாரணைக் கூண்டில் ஏற்றினார்கள். பூமி சுற்றுகிறது என்று சொன்ன குற்றத்துக்காக.)

கலிலியோவுக்குக் கப்பல் என்றால் நமக்குக் கம்பெனி பஸ். கர்ட்டனை இழுத்துவிட்டு ஏ.சி. போட்ட பஸ் ஃபோர் வேயில் அறுபதில் சீராகப் போகும்போது உள்ளே என்ன நடக்கிறது? தூக்கம். அறுபதா, நாற்பதா, நிற்கிறதா என்று யாருக்கும் தெரியாது. எப்போது விழித்துக்கொள்கிறோம்? கிளம்பும்போது, நிற்கும்போது, திரும்பும்போது. அதாவது திசைவேகம் மாறும்போது மட்டும். நம் உடம்பில் ஸ்பீடாமீட்டர் கிடையாது. காதுக்குள் இருக்கிற கருவிக்கு மாற்றம் மட்டும்தான் தெரியும்.

ஒரு நாள் பஸ்ஸில் காதில் விழுந்தது. சுங்குவார்சத்திரம் தாண்டி எருமை ஒன்று குறுக்கே வர, டிரைவர் அழுத்திய அழுத்தில், நின்றுகொண்டிருந்த டிப்ளமா டிரெய்னி ஒருவன் முன்சீட்டு சீனியர் மேல் போய் விழுந்தான்.

"டேய் தம்பி, கம்பியைப் புடிச்சிட்டு நிக்க மாட்டியா? இப்படியா வந்து விழுவே?"

"அண்ணே, நான் விழலண்ணே. நான் பாட்டுக்கு அறுபதுல போயிட்டிருந்தேன். பஸ்ஸுதான் நின்னுடுச்சு."

"யார்றா சொன்னது?"

"நியூட்டன்ணே. முதல் விதி."

"சரிடா. அவருகிட்ட சொல்லிட்டு என் கால் மேலேர்ந்து எறங்கு."

பையன் சொன்னதில் ஒரு பிழை கிடையாது. 1687-ல் நியூட்டன் எழுதியது அதேதான். ஓடுகிற பொருளை யாரும் தொந்தரவு செய்யாவிட்டால் அதே வேகத்தில் அதே திசையில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். மாற்றுவதற்குத்தான் விசை வேண்டும். காலுக்குக் கீழே பஸ் நிற்கிறது. மேலே உள்ள பையன் ஓடிக்கொண்டிருக்கிறான். அவனை நிறுத்த ஏதாவது ஒன்று தள்ளியாக வேண்டும். கம்பி தள்ளலாம். சீனியர் தள்ளலாம். கண்ணாடியும் தள்ளலாம்.

(இங்கே ஒரு இயற்பியல் ஆசிரியர் பேனாவைத் திறந்து ஆசிரியருக்குக் கடிதம் எழுத ஆரம்பித்திருப்பார்: 'பூமி வட்டமாகச் சுற்றுகிறதே, திசை மாறுகிறதே, அது எப்படிச் சீரான திசைவேகம்?' வாஸ்தவம் ஐயா. மாறுகிறதுதான். ஆனால் ஒரு சுற்றுத் திரும்ப இருபத்து நாலு மணி நேரம். சூரியனைச் சுற்ற ஒரு வருஷம். அவ்வளவு மெதுவாகத் திரும்புவதால் டீக்குத் தெரிவதில்லை. பேனாவை மூடி வைக்கவும்.)

*

சீரான திசைவேகத்துக்குக் கோயில் கட்டலாம் என்றால், அதற்குச் சரியான இடம் ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பெல்ட்தான். இங்கே கார், லாரி, பைக், டயர், கண்ணாடி என்று எது செய்தாலும் அடிப்படை ஒன்றுதான்: லைன் ஒரே சீராக ஓட வேண்டும்.

1913-ல் ஃபோர்டு அமெரிக்காவில் ஓடும் அசெம்ப்ளி லைனைக் கொண்டுவந்தபோது, ஒரு காரின் சேஸிஸைப் பூட்ட ஆன பன்னிரண்டரை மணி நேரம், ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. ஆள் ஓடவில்லை, வேலை அவனிடம் வந்தது. அவ்வளவுதான் ரகசியம். நிமிஷத்துக்கு ஒரு கார், காருக்குக் கார் ஆறு மீட்டர் என்று வைத்துக்கொண்டால் லைனின் வேகம் மணிக்கு 360 மீட்டர். தவழ்கிற குழந்தை ஓவர்டேக் செய்துவிடும். ஆனால் அந்த ஆமை வேகம் மாறாமல் இருப்பதால்தான் ஆபரேட்டர் காரோடு கூடவே நடந்து, அது நின்றுகொண்டிருப்பது போலப் பாவித்து, நட்டை முடுக்க முடிகிறது. இரண்டு பேரும் ஒரே திசைவேகத்தில் போனால் ஒருவருக்கொருவர் நிற்பதாகத்தான் அர்த்தம். இதுவும் கலிலியோ சொன்னதுதான். லைன் விட்டு விட்டு ஓடினால் முதலில் தவறுவது ஸ்பேனர், அப்புறம் விரல்.

இதைவிட அழகான உதாரணம் கண்ணாடி. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் 2000-ல் ஃப்ளோட் கிளாஸ் தயாரிக்க ஆரம்பித்தது. முறையைக் கண்டுபிடித்தவர் இங்கிலாந்தின் அலஸ்டேர் பில்கிங்டன், 1950-களில். மணலை உருக்கிக் குழம்பாக்கி, உருகிய வெள்ளீயத்தின் மேல் ஊற்றுகிறார்கள். தண்ணீர் மேல் எண்ணெய் மாதிரி கண்ணாடி மிதக்கிறது. மறுமுனையில் உருளைகள் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கின்றன. ராத்திரி, பகல், தீபாவளி, பொங்கல் கிடையாது. உலையை மூட்டினால் வருஷக்கணக்கில் அணைப்பதில்லை.

கண்ணாடியை அதன் பாட்டுக்கு விட்டால் ஆறேழு மில்லிமீட்டர் தடிமனில் பரவி நின்றுவிடும். மெல்லிசு வேண்டுமா? வேகமாக இழு. தடிமன் வேண்டுமா? மெதுவாக இழுத்து, ஓரங்களைக் கட்டிப் போடு. ஆக அந்த ஆலையில் வேகம்தான் தடிமன். இழுப்பு நடுவில் கொஞ்சம் கூடிக் குறைந்தால், உங்கள் வீட்டுக் கண்ணாடியில் உங்கள் மூக்கும் கூடிக் குறைந்து தெரியும்.

ஓடிக்கொண்டிருக்கிற கண்ணாடியை நிறுத்தாமல் குறுக்கே எப்படி வெட்டுவது? கத்தி நேர் குறுக்காக ஓடினால், அது மறு ஓரம் போய்ச் சேருவதற்குள் கண்ணாடி முன்னால் நகர்ந்திருக்கும். வெட்டு சாய்வாக விழும். அதனால் கத்தியைக் கோணலாக ஓட விடுகிறார்கள், கண்ணாடியின் வேகத்துக்கு ஈடாக அதுவும் முன்னால் நகர்கிற மாதிரி. கோணலாக ஓடுகிற கத்தி நேராக வெட்டுகிறது! இரண்டு திசைவேகமும் மாறாமல் இருக்கிறவரைதான் இந்த வித்தை.

*

சீரைப் பார்த்தாயிற்று. மாற்றத்தையும் பார்க்க வேண்டுமானால் ரொம்ப தூரம் போக வேண்டாம், ஹைவேயிலேயே இருங்காட்டுக்கோட்டை. அங்கே மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ரேஸ் டிராக் 1990-லிருந்து இருக்கிறது. சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர், பன்னிரண்டு வளைவுகள். அதற்கு முன்னால் சோழவரத்தில், யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் ரேஸ் விட்டார்கள்.

நேர்ப்பாதையில் முறுக்க யாராலும் முடியும். ரேஸை ஜெயிப்பதும் தோற்பதும் அந்தப் பன்னிரண்டு வளைவுகளில்தான். வளைவில் முள் எண்பதிலேயே நிற்கலாம். வேகம் மாறவில்லை. ஆனால் திசை ஒவ்வொரு கணமும் மாறுகிறது. ஆகவே திசைவேகம் மாறுகிறது. ஆகவே விசை வேண்டும். அந்த விசையை யார் தருகிறார்? தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிற உள்ளங்கை அளவு டயர். அதற்கும் ஒரு கொள்ளளவு உண்டு. அதில் பிரேக்குக்குக் கொஞ்சம், திருப்பத்துக்குக் கொஞ்சம் என்று பங்கு பிரிக்கத் தெரிந்தவன் ரேஸ்காரன். இரண்டையும் ஒரே நேரத்தில் முழுசாகக் கேட்டால் டயர் 'போய்யா' என்று வழுக்கிவிடும். 125 சி.சி.க்கு மேற்பட்ட பைக்குகளுக்கு 2019-லிருந்து ஏ.பி.எஸ். கட்டாயம் என்று சட்டம் சொல்வது இதனால்தான். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகிப் போகாமல், ஹேண்டில்பாருக்கும் கொஞ்சம் விசையை மிச்சம் வைக்கிற கணக்குப்பிள்ளை அது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். ராமானுஜர் பிறந்த ஊராயிற்றே ஸ்ரீபெரும்புதூர். சித்திரை உற்சவத்தில் தேர் பார்த்திருப்பீர்கள். நேர் வீதியில் கிளம்பும் வரைதான் பாடு. கிளம்பிவிட்டால் தேர் அது பாட்டுக்கு வரும். கஷ்டம் மூலையில். அங்கே வேகம் என்ன பிரமாதம், ஆள் நடக்கிற வேகத்தில் பாதி. ஆனால் அத்தனை டன்னின் திசையை மாற்றியாக வேண்டும். எந்தச் சக்கரத்துக்குக் கீழே, எந்த நொடியில், எந்தச் சாய்வில் கட்டையைச் செருகுவது என்று தெரிந்த ஆட்கள் பரம்பரையாக உண்டு. முட்டுக்கட்டை என்றாலே நமக்கு ஆபீஸில் ஃபைலை நிறுத்துகிறவர் ஞாபகம் வருகிறது. உண்மையில் அது தேரின் பிரேக்கும் ஸ்டியரிங்கும் சேர்ந்த ஒற்றைக் கருவி. திருவாரூர் ஆழித் தேர் அலங்காரத்தோடு 96 அடி, ஏறக்குறைய 300 டன். அதற்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் வைத்துக் கொடுத்திருக்கிறது. அப்படியும் முட்டுக்கட்டைக்காரர் வேலை போகவில்லை.

*

இனி கொஞ்சம் சீரியஸ்.

ஒரகடத்தில் குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் என்று மத்திய அரசின் திட்டத்தில் உருவான வாகனச் சோதனை மையம் இருக்கிறது. வண்டிகளை ஓட்டிப் பார்ப்பதோடு, மோதியும் பார்க்கிற இடம். புத்தம் புதுக் காரைக் கொண்டுபோய் வேண்டுமென்றே இடிப்பார்கள்.

2023 அக்டோபரில் அமலுக்கு வந்த பாரத் என்கேப் விதிப்படி, முன்பக்க மோதல் சோதனைக்குக் கார் மணிக்கு 64 கிலோமீட்டரில் போய், நசுங்கக்கூடிய ஒரு தடுப்பில், டிரைவர் பக்க முகப்பின் நாற்பது சதவிகிதம் படுகிற மாதிரி மோத வேண்டும். இப்படிப்பட்ட சோதனைகளில் காரைக் கேபிளால் மெதுவாக இழுத்து, 64 வந்ததும் அதே வேகத்தில் சீராக வைத்து, மோதுவதற்குச் சற்று முன் இழுப்பதை விட்டுவிடுவார்கள். ஏன் இவ்வளவு பக்குவம்? வெடுக்கென்று இழுத்தால் உள்ளே உட்கார வைத்த டம்மி இடம் மாறிவிடும். சீரான திசைவேகத்தில் டம்மி சிலை மாதிரி இருக்கும். அறுபத்து நாலில் அதற்கு ஒரு சிரமமும் இல்லை. கடைசிப் பத்தில் ஒரு பங்கு விநாடியில்தான் எல்லாம் நடக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அறுபது கிலோ ஆள். அறுபதில் போகும் பஸ் பத்து விநாடியில் நின்றால் அவனை நிறுத்தத் தேவையான தள்ளு சுமார் பத்துக் கிலோ எடை. ஒரு கையால் கம்பியைப் பிடித்தால் போதும். மூன்று விநாடியில் நின்றால் முப்பத்து நாலு கிலோ. நம் டிரெய்னி விழுந்தது இதில்தான். அறுபத்து நாலில் போகும் கார் மோதி பத்தில் ஒரு பங்கு விநாடியில் நின்றால்? ஒரு டன்னுக்கு மேல். வேகம் ஏறக்குறைய ஒன்றே. மாறுவதற்குக் கிடைத்த நேரம்தான் வேறு.

"இந்தக் காலத்து வண்டியெல்லாம் தகர டப்பா சார், லேசா தட்டினாலே அப்பளம். அந்தக் காலத்து அம்பாசடர் மாதிரி வருமா?" என்று ஒருவர் எல்லா ஆபீஸிலும் இருப்பார். முன்பக்கம் அப்பளமாவது வண்டியின் குறையல்ல, அதற்குத்தான் இன்ஜினீயருக்குச் சம்பளம். பானெட் நசுங்குகிற அந்த அரை மீட்டர்தான் உள்ளே இருப்பவருக்குக் கூடுதல் நேரம். வண்டி நசுங்காவிட்டால் அந்த மாற்றம் முழுவதும் உள்ளே இருப்பவர் கணக்கில் வரவு வைக்கப்படும். சீட் பெல்ட் போடாதவருக்கு இந்தச் சலுகையும் இல்லை. கார் நின்றுவிடும், அவர் பாட்டுக்கு அறுபத்து நாலில் போய்க்கொண்டிருப்பார். முதல் விதி.

பைக்கில் பானெட் ஏது? நசுங்குவதற்கு வைத்திருக்கிற ஒரே இடம், ஹெல்மெட்டுக்குள் இருக்கிற இரண்டு மூன்று சென்டிமீட்டர் தெர்மாகோல். 2021 ஜூனிலிருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத டூவீலர் ஹெல்மெட்டை விற்கவே கூடாது என்று உத்தரவு. ரோட்டோரத்தில் தொங்குகிற மலிவு அயிட்டத்துக்குள் பலசமயம் வெறும் ஸ்பாஞ்ச்தான். அது தலைக்குச் சுகம், தரைக்குச் சுகமில்லை. ஸ்ட்ராப் மாட்டாத ஹெல்மெட் அதைவிட விசேஷம். தேவைப்படுகிற நேரத்தில் அது தன் சீரான திசைவேகத்தில் தனியாகப் போய்விடும்.

*

கடைசியாக ஒரு கணக்கு. இதற்காகத்தான் இவ்வளவு சுற்றினேன்.

செகண்ட் ஷிப்ட் முடிந்து நடுராத்திரி. ரோடு காலி. இரண்டு நண்பர்கள், இரண்டு பைக், பக்கத்துப் பக்கத்தில். ஒருவன் அறுபது, இன்னொருவன் எண்பது. இருவருக்கும் சுகமாகத்தான் இருக்கிறது. சீரான திசைவேகம் அல்லவா, எண்பது என்பது உடம்புக்குத் தெரியாது. முன்னால் ஓரத்தில் ஒரு கார் கேரியர் டிரெய்லர், லைட் போடாமல் நிற்கிறது. இருவரும் ஒரே இடத்தில், ஒரே நொடியில் பார்க்கிறார்கள்.

பார்த்து, புரிந்து, பிரேக்கைத் தொட ஒரு விநாடி. அதற்குள் அறுபதுக்காரன் 17 மீட்டர், எண்பதுக்காரன் 22 மீட்டர் போய்விட்டார்கள். நல்ல ரோடு, நல்ல டயர், நல்ல பிரேக் என்றால் அதற்கப்புறம் நிற்க அறுபதுக்கு 20 மீட்டர், எண்பதுக்கு 35. ஆக அறுபதுக்காரன் 37 மீட்டரில் நின்றுவிடுவான். எண்பதுக்காரனுக்கு 57 வேண்டும். ராத்திரியில் லோ பீமில் தெளிவாகத் தெரிவதே நாற்பது, ஐம்பது மீட்டர்தான்.

சரி, டிரெய்லர் அந்த 37 மீட்டரில் நிற்கிறது. அறுபதுக்காரன் அதைத் தொடாமல் நின்றுவிட்டான். அதே இடத்தில் எண்பதுக்காரன் எவ்வளவு வேகத்தில் இருப்பான்? இருபது என்பார்கள் பலர். வித்தியாசம் இருபதுதானே! அதுதான் இல்லை. அவனுக்கு 22 மீட்டர் யோசனையிலேயே போயிற்று. பிரேக் பிடிக்கக் கிடைத்தது பதினைந்து மீட்டர். அதற்குள் எண்பது குறைந்து அறுபதுக்குத்தான் வரும். நண்பன் நின்றுவிட்ட இடத்தில் இவன் இன்னும் அறுபதில் போய்க்கொண்டிருப்பான்.

நின்று நிதானமாக இன்னொரு முறை படிக்கவும். வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்த வேண்டிய சமாசாரம் நாலு மடங்கு. மாடிக் கணக்கில் சொன்னால், நாற்பதில் போய்ச் சுவரில் மோதுவது இரண்டாவது மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அறுபது என்றால் ஏறக்குறைய ஐந்து மாடி. எண்பது என்றால் எட்டு மாடி. எட்டாவது மாடிக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துகொண்டு போனில் மெசேஜ் பார்ப்பீர்களா?

லைட் போடாமல் வண்டியை நிறுத்துகிற டிரைவர் மேல் கோபம் வருகிறது, நியாயம்தான். அவர் ரிஃப்ளெக்டர் ஒட்ட வேண்டும், பார்க்கிங் லைட் போட வேண்டும், அதற்கென்று உள்ள இடத்தில் நிறுத்த வேண்டும். சட்டம் அவரைத்தான் கேட்கும். ஆனால் இயற்பியல் அவரை எதுவும் கேட்காது. அவருடைய திசைவேகம் பூஜ்யம். மாற வேண்டியது உங்களுடையது.

ஒரகடத்திலிருந்து ரூமுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எண்பதில் போனால் ஒன்பது நிமிஷம். அறுபதில் போனால் பன்னிரண்டு. மிச்சம் மூன்று நிமிஷம். அந்த மூன்று நிமிஷத்துக்காக ஐந்தாவது மாடியிலிருந்து எட்டாவது மாடிக்கு ஏறுகிறோம்.

அப்படி அடித்துப் பிடித்து ரூமுக்குப் போய் என்ன ஆகப்போகிறது? ஆறு பேருக்கு ஒரு பாத்ரூம். வாசலில் துண்டும் பக்கெட்டுமாக ஏற்கெனவே நாலு பேர். அங்கே எல்லோருக்கும் வேகம் பூஜ்யம். அதுவும் ஒரு சீரான திசைவேகம்தான்!